பாப்-அப் தொல்லை: ஃபார்மேட்டா, ஸ்கேனரா, கையால் களைவதா?

அக்கா வீட்டு கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்தாலே விளம்பரம் கொட்டத் தொடங்கியதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடையில் கொடுத்து ஃபார்மேட் அடித்துவிடலாம், அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம் என்றார் மாமா. தீய மென்பொருளைத் தேடி எடுக்கும் ஸ்கேனர் ஏதாவது ஒன்றை ஓட்டினால் போதும் என்றான் அக்கா மகன். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு இடமாகத் தேடி, கையாலேயே எடுத்தேன். அதன் பிறகு அது தலைகாட்டவில்லை. அதனால் நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவு மறைவு இல்லை. மற்ற இரண்டு வழிகளும் தேவைப்படும் சூழ்நிலைகள் உண்டு, அதையும் சொல்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 கணினிகளில் உள்ள குரோமுக்கு. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியும் குரோம் போலவே குரோமியம் என்ற அடித்தளத்தில் அமைந்ததுதான் என்பதால் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

முதலில் இரண்டு அரைகுறை வழிகளை ஒதுக்கிவிடுகிறேன். விளம்பரத் தடுப்பான் போடுவது ஒன்று. அது இணையப் பக்கத்துக்குள் வரும் விளம்பரத்தை மறைக்கும், கணினிக்குள் குடியேறிவிட்ட ஆட்வேரை, அதாவது விளம்பரம் காட்டவே நுழையும் மென்பொருளை, எடுக்காது. குரோமை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவது இன்னொன்று. நீக்கும்போது உலாவல் தரவையும் சேர்த்து அழிக்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்யாவிட்டால் பழைய புரொஃபைல் (நம் செட்டிங்ஸ் எல்லாம் சேமித்திருக்கும் ஃபோல்டர்) அப்படியே டிஸ்கில் இருக்கும். புது குரோம் வந்ததும் அதே குப்பையோடுதான் திறக்கும்.

மீதி மூன்று வழிகளில் எது வேகம், எது செலவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்கேனர் சில நிமிடம், கைவேலை ஒரு மாலை, ஃபார்மேட்டுக்குச் சில நூறு ரூபாயோடு ஒரு நாள் அலைச்சல். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எடுத்தது திரும்பி வருமா? ஆட்வேர் எழுதுபவருக்கு விளம்பரம் காட்டக் காட்டத்தான் காசு. அதனால் உள்ளே நுழைவதைவிட, வெளியேற்றினாலும் மறுபடி வந்து உட்காருவதற்குத்தான் அவர்கள் அதிகம் மெனக்கெடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் விளம்பரத்தை எடுப்பது சுலபம். அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வீடுகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை உண்மையில் வைரஸே இல்லை. திரையின் வலது கீழ் மூலையில், ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது’, ‘உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது’ என்று சிவப்பு எச்சரிக்கை வரும். அந்தப் பெட்டியைப் பதறாமல் உற்றுப் பாருங்கள். மேலே குரோம் என்ற பெயர் இருக்கும், எழுத்துகளுக்கு நடுவே கேள்விப்படாத ஏதோ ஒரு தளத்தின் முகவரி சிறிய எழுத்தில் இருக்கும். அது அந்தத் தளம் அனுப்பும் நோட்டிஃபிகேஷன், அவ்வளவுதான். 2015-இல் வெளியான குரோம் 42-இலிருந்து தளங்கள் இப்படி அறிவிப்பு அனுப்ப முடிகிறது. சீரியல் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன இடத்தில், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலோவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள்.

இதற்கு மருந்து செட்டிங்ஸில் இருக்கிறது. பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே வரும். தெரியாத பெயர் அத்தனையையும் நீக்குங்கள். அதே பக்கத்தின் மேற்பகுதியில், இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கூடாது என்று வைக்கவும் வழி இருக்கிறது. வீட்டுக் கணினியில் அதை வைத்துவிடுவதுதான் நல்லது. ஸ்கேனரை மட்டும் நம்புகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இதில் தீய கோப்பு என்று ஒன்று கிடையாது, நாமே கொடுத்த அனுமதிதான் இருக்கிறது. அதனால் ஸ்கேனர் பெரும்பாலும் ‘எல்லாம் சுத்தம்’ என்று சொல்லிவிடும், விளம்பரமும் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள். தேவையில்லாததை ரிமூவ் செய்வது எல்லோரும் செய்வதுதான். சிக்கல், ரிமூவ் பொத்தானே இல்லாத எக்ஸ்டென்ஷனில்தான். ‘உங்கள் நிர்வாகி நிறுவியது’ என்று அதன் கீழே ஒரு குறிப்பு இருக்கும். குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில், இந்த உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற வரியும் வரும். அக்கா வீட்டில் ஏது நிறுவனம், ஏது நிர்வாகி? அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களின் கணினியில் ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக வைக்க குரோம் தரும் ‘பாலிசி’ வசதியை ஆட்வேர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது.

முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு போட்டு, பாலிசி என்று முடித்து என்டர் தட்டினால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்’ என்ற வரி இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். அதற்கு நேரே 32 எழுத்துகள் கொண்ட ஒரு அடையாளம் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடை இயக்கினால் ஒவ்வொன்றின் கீழும் இதே போன்ற அடையாளம் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் எது கட்டாயமாக நுழைந்தது என்பது விளங்கிவிடும். பிறகு விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், கரண்ட் யூசர் இரண்டின் கீழும் சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்று இறங்கி அந்த வரியை அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சில ஆன்டிவைரஸ்களும் நியாயமான காரணத்துக்காகவே பாலிசி வைப்பதுண்டு. ஆகவே அடையாளத்தைப் பார்க்காமல் மொத்தமாக அழிக்காதீர்கள். அலுவலக லேப்டாப் என்றால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

பாலிசியை அழித்தும் மறுநாள் அது வந்து நிற்கிறதா? அப்படியானால் அதை எழுதி வைக்கும் கை குரோமுக்கு வெளியே இருக்கிறது. பல சமயம் அது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர்தான். 2022-இல் பரவிய குரோம்லோடர் என்ற ஆட்வேர் இதற்கு நல்ல உதாரணம். திருட்டு கேம், கிராக் செய்த மென்பொருள் என்ற வேஷத்தில் ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் நகல்) கோப்பாக வந்தது. திறந்தவுடன் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க்கை வைத்தது. அந்த டாஸ்க் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை ஓட்டி, எக்ஸ்டென்ஷனை மறுபடி மறுபடி குரோமில் ஏற்றியது. எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறக்கப் போனால் செட்டிங்ஸ் பக்கத்துக்குத் திருப்பிவிடவும் செய்தது. இப்படிப்பட்டதில் எக்ஸ்டென்ஷனை மட்டும் நீக்குவது, தண்ணீர்க் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான்.

ஷெட்யூலரைத் திறந்து ஒவ்வொரு டாஸ்க்கின் ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியையும் பாருங்கள். பவர்ஷெல் என்ற பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் நீளமாகத் தொடர்ந்தாலோ, ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் உள்ள பெயர் தெரியாத கோப்பை அது இயக்கினாலோ சந்தேகப்படலாம். கண்ணால் தேடுவது கஷ்டம் என்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. தானாகத் தொடங்கும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும். மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைக்கச் சொன்னால் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும். அதிலும் உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். தவறானதை எடுத்துவிட்டால் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப் ஷார்ட்கட்டையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ வரியின் கடைசிக்குப் போங்கள். குரோம் புள்ளி இஎக்ஸ்இ, மேற்கோள் குறி, அதற்குப் பின் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை அழித்துவிடுங்கள். ‘ஹோம்பேஜை எத்தனை முறை மாற்றினாலும் அதே பக்கம்தான் வருகிறது’ என்பவர்களுக்குப் பல நேரம் காரணம் இந்த ஒற்றை வரி.

வரிசையும் முக்கியம். முதலில் டாஸ்க், அடுத்து பாலிசி, அதன் பிறகு எக்ஸ்டென்ஷன், கடைசியில் குரோமின் ரீசெட் செட்டிங்ஸ். ரீசெட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு மூன்றும் அப்படியே இருக்கும். தேடுபொறியும் தொடக்கப் பக்கமும் பழைய நிலைக்கு வரும், எக்ஸ்டென்ஷன்கள் முடக்கப்படும். முடக்கப்படுமே தவிர அழிக்கப்படாது. அதனால் ரீசெட்டை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது.

சரி, ஸ்கேனருக்கு வருவோம். நான் வைத்திருப்பது ஆட்வ்கிளீனர். 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இதை வாங்கிக்கொண்டது. இலவசம், நிறுவவும் தேவையில்லை, இறக்கி அப்படியே ஓட்டலாம். கைவேலை முடிந்ததும், விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்க்க இதைத்தான் ஓட்டினேன். அதற்கு இது அருமையான துணை. பட்டியலில் லேப்டாப் கம்பெனியே வைத்து அனுப்பிய மென்பொருட்களையும் தனியாகக் காட்டும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்தால் விசைப்பலகையின் சிறப்பு விசைகளுக்கான மென்பொருள்கூடப் போய்விடலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸிலும் தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதி உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து அது தானாகவே இயக்கத்தில் இருக்கும். யாரும் அணைத்து வைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

குரோமுக்குள்ளேயே ‘கிளீன் அப் கம்ப்யூட்டர்’ என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்துங்கள் என்று இன்னமும் பலர் வழிகாட்டுகிறார்கள். 2023 மார்ச்சில் வந்த குரோம் 111-உடன் அதை எடுத்துவிட்டார்கள், தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: தொல்லை தரும் விளம்பரத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், அதை நீக்குவதாகச் சொல்லும் மென்பொருட்கள் வரிசைகட்டி நிற்கும். ஸ்கேன் இலவசம், நீக்க வேண்டுமானால் காசு என்பார்கள். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

ஃபார்மேட்டைப் பற்றிப் பலருக்கும் உள்ள நம்பிக்கை, ‘அடித்துவிட்டால் எல்லாம் போய்விடும்’ என்பது. கணினிக்குள் இருப்பது போகும், கூகுள் கணக்கில் இருப்பது போகாது. ஒத்திசைவு (சிங்க்) இயக்கத்தில் இருந்தால், புது விண்டோஸில் குரோமை நிறுவி அதே கணக்கில் நுழைந்ததும் நாம் நிறுவிய எக்ஸ்டென்ஷன்கள், தொடக்கப் பக்கம், தேடுபொறி எல்லாம் தாமாக இறங்கிவரும். அந்த எக்ஸ்டென்ஷன்களில் ஒன்றுதான் விளம்பரத்துக்குக் காரணம் என்றால், காசு கொடுத்து ஃபார்மேட் அடித்தும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறோம். நல்லதாக இருந்த எக்ஸ்டென்ஷன் கைமாறிக் கெட்டுப்போவதும் நடக்கிறது. லட்சக்கணக்கானோர் நம்பி வைத்திருந்த ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ 2020-இல் வேறு கைக்குப் போனது, 2021 பிப்ரவரியில் தீய மென்பொருள் என்று கூகுளே அதை முடக்கியது. ஆகவே ஃபார்மேட்டுக்கு முன்பும் எக்ஸ்டென்ஷன் பட்டியலைக் கையால் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும்.

ஃபார்மேட்டில் இழப்பதன் கணக்கும் இருக்கிறது. அக்கா கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய பாமினி எழுத்துரு, என்எச்எம் ரைட்டர், பழைய பிரின்டரின் டிரைவர், மாமாவின் கடைக் கணக்குக்கு டேலி எல்லாம் உண்டு. அந்த பிரின்டருக்கு டிரைவர் தேடி வைக்கவே அரை நாள் போயிருக்கும். சில கடைகளில் ஃபார்மேட் அடித்த கையோடு கிராக் செய்த மென்பொருட்களையும் இலவச இணைப்பாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆட்வேர் நுழையும் முக்கிய வாசலே அதுதான்.

இருந்தாலும் நானே ஃபார்மேட் அடிக்கச் சொல்லும் நேரம் உண்டு. டிஃபெண்டரை இயக்கவே முடியவில்லை, டாஸ்க்கை அழித்த சில நிமிடங்களில் வேறு பெயரில் முளைக்கிறது, முன்பின் தெரியாத யூசர் கணக்கு தென்படுகிறது என்றால் கைவேலையை நிறுத்திவிடலாம். ஆவணங்கள், படங்களை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு அடித்துவிடுவதுதான் சரி. அப்படி முற்றிய கணினிகளை நான் அதிகம் கையாண்டதில்லை என்பதால் இந்த எல்லைக்கோட்டை உத்தேசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்கிலும் என் அனுபவம் குறைவு. அங்கே நோட்டிஃபிகேஷன், எக்ஸ்டென்ஷன் இரண்டையும் பார்ப்பது வரைதான் நான் துணிந்து சொல்வேன்.

உலாவியின் கோப்பையே மாற்றி எழுதும் ரகமும் இருக்கிறது. 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் விவரம் வெளியிட்ட அட்ரோசெக் என்ற தீய மென்பொருள் அப்படிப்பட்டது. எட்ஜ், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என எல்லாவற்றையும் தொட்டது. உச்சத்தில் ஒரே நாளில் 30,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் தென்பட்டதாகச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்கள் உலாவியை நீக்கித் திரும்ப நிறுவ வேண்டும் என்பதுதான் அப்போது அவர்கள் தந்த ஆலோசனை. ஃபயர்ஃபாக்ஸில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளையும் அது திருடியது. அதனால் எந்த வழியில் சுத்தம் செய்தாலும் கடைசியில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வேறொரு சாதனத்திலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் உள்நுழைந்திருக்கின்றன என்று பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். அக்காவின் கணக்கில் எப்போதோ விற்றுவிட்ட பழைய செல்போன் இன்னும் உள்நுழைந்தபடி இருந்தது. அன்று அதையும் வெளியேற்றினோம்.