கூடத்துத் தொட்டியும் கொல்லைப்புற உறையும்: ஏழு வருடத் தங்கமீன் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். மதுரை வெயிலில் தங்கமீன் வளர்க்க, கூடத்தில் விளக்குப் போட்டு வைக்கும் கண்ணாடித் தொட்டியைவிட, கொல்லையில் மர நிழலில் கிடக்கும் கிணற்று உறைதான் (கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு வளையம்) மேல். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு வருடமும் பதினாறு மீன்களும் செலவாகியிருக்கின்றன. கணக்கு சும்மா சொல்லவில்லை. மகளுடைய பழைய நோட்டு ஒன்றில் வாங்கிய தேதி, செத்த தேதி, தண்ணீர் மாற்றிய நாள் எல்லாம் எழுதி வருகிறேன். முதல் இரண்டு பக்கம் முழுக்கச் சாவுதான்.

வீடு திருநகரில். 2018 ஆனியில் மகள் பிடித்த பிடிவாதத்தில் ஒன்றரை அடித் தொட்டியும் நாலு தங்கமீனும் வந்தன. நீளம் ஒன்றரை, அகலம் ஒன்று, உயரம் ஒன்று. விளிம்பு வரை நிரப்பினாலே நாற்பது லிட்டர் சொச்சம்தான். கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து குமிழி விடும் சிப்பிப் பொம்மை எல்லாம் போட்ட பிறகு முப்பது லிட்டர் நின்றால் அதிகம். "வாரம் ஒருதடவை மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு, கல்லைத் தேய்ச்சுக் கழுவிப் புதுத் தண்ணி ஊத்துங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பதினோரு நாளில் அதற்குள் மீன்தான் இல்லை.

அந்தப் பதினோரு நாளில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் நாலும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அம்மா (மகளுக்கு அப்பத்தா; இப்போது வீட்டில் எல்லோருக்குமே அப்பத்தாதான்) பார்த்துவிட்டு, "பாவம்டா, பால்குடிப் புள்ள மாதிரி வாயை வாயைத் திறக்குது, வயிறு காயுதுபோல" என்று ஒரு கைப் பொரியை அள்ளிப் போட்டுவிட்டார். திருப்பரங்குன்றம் கோயில் லட்சுமி தீர்த்தத்தில் மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எனக்கும் அது பசி என்றுதான் பட்டது. வால் துடுப்பில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் கோடுகள் ஓடியிருந்ததை நான் அழகு என்று நினைத்துப் போட்டோ எடுத்தேன். அது அம்மோனியா சுட்ட தழும்பு என்று பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அதே அம்மோனியா. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது ஓரளவு வரை பரவாயில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும்தான் ஒட்டிக் குடியிருக்கும். குடும்பம் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் அவற்றை வாராவாரம் குழாயடியில், அதுவும் குளோரின் தண்ணீரில், தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. தண்ணீரின் காரத்தன்மை கூடக் கூட, சூடு ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகும். எங்கள் போர் தண்ணீரில், காரத்தைக் காட்டும் பி.எச். அளவு எட்டுக்குப் பக்கம். குளிர்ந்த ஊரில் ஒரு மீன் தாங்கிக்கொள்ளும் அழுக்கை இங்கே அதே மீன் தாங்காது.

இரண்டாவது முயற்சி புரட்டாசியில். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி செய்யச் சொன்னேன். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் நூற்றறுபது லிட்டர். இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், சொட்டு விட்டுப் பார்க்கும் பரிசோதனைக் குப்பிகள். மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். வெறும் தண்ணீருக்குச் சாப்பாடு போடுகிறான் என்று வீட்டில் கேலி. பரிசோதனைக் குழாயில் அம்மோனியா நிறம் பச்சையிலிருந்து மெல்ல இறங்கி ஒருநாள் வெறும் மஞ்சளில் நின்றது. அதற்குப் பின் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனதும் மீன் வாங்கப் போனேன்: தலையில் கொண்டை வைத்த ஒராண்டா மூன்று, கண் பிதுங்கிய பிளாக் மூர் ஒன்று. அந்த வருடம் ஒன்றும் சாகவில்லை.

தண்ணீரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உப்புத் தண்ணீர், கடுந்தண்ணீர் என்று பயப்படவே வேண்டாம்; பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் எங்கள் போர் தண்ணீரில்தான் ஏழு வருடமாக ஓட்டுகிறேன். தங்கமீனுக்குக் கடினநீர் ஒத்துவரும். ஆர்.ஓ. தண்ணீர்தான் ஆகாது, அதில் தாது எதுவும் மிச்சமிருக்காது. குழாய்த் தண்ணீர் என்றால் டிரம்மில் பிடித்து மூடாமல் ஒரு நாள் விட வேண்டும், அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி சில சொட்டு. மாற்றுவது வாரம் கால்பங்கு மட்டும். ஸ்பாஞ்சை அலசுவது, மாற்றி எடுத்த அந்தப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே.

இப்படி எல்லாம் படித்துச் செய்தும் 2019 கோடையில் அடி விழுந்தது. சித்திரைத் திருவிழா முடிந்து வெயில் உச்சியில் நின்ற நேரம். கூடத்துத் தொட்டியில் வெப்பமானி 33 காட்டியது. தங்கமீன் குளிர்ந்த நீர் மீன்; 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, தண்ணீரிலோ சரக்கு குறைவு. ஏர் பம்ப் ஓடும்வரை எப்படியோ சமாளித்தது. ஒருநாள் சாயங்காலம் கோடைமழை, சூறைக்காற்று, எங்கோ மரம் விழுந்து ராத்திரி ஒன்பதுக்குப் போன கரண்ட் விடியும்வரை வரவில்லை. பதினொன்றரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் நாலும் மேலே. ஒரு செம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். ஊற்றும்போது குமிழிக்குக் கீழே வந்து நிற்கும், நிறுத்தினால் மறுபடி மேலே போகும். மூன்று மணிவரை நானும் மனைவியும் மாறி மாறி ஊற்றினோம். பிறகு இருவரும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனோம். காலையில் பெரிய ஒராண்டா ஒருக்களித்துக் கிடந்தது. பெரிய மீனுக்குத்தான் ஆக்சிஜன் பற்றாக்குறை முதலில் உறைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

மறுநாளே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கினேன். கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் வகை. இதுவரை இந்தப் பொழுதுபோக்கில் நான் செலவழித்ததில் உருப்படியானது அந்த ஒன்றுதான். கோடையில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் தொட்டியில் மிதக்கவிடுவது, மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வைப்பது, இரண்டும் வேலை செய்யும். விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். தண்ணீர் வற்றும், தினம் ஒரு குடம் நிரப்ப வேண்டியிருக்கும்.

உறை வந்தது 2020-ல், ஊரடங்கு தளர்ந்த பிறகு. பின்கட்டில் வேப்பமரத்தடியில் நான்கடி விட்டத்தில் இரண்டு சிமெண்டு உறையை அடுக்கி, அடியில் கான்கிரீட் போட்டுப் பூசச் சொன்னேன். இரண்டடி ஆழம், அறுநூறு லிட்டருக்கு மேல் பிடிக்கிறது. கொத்தனார், "மீனுக்கா? உடனே விட்டுறாதீங்க, சிமெண்டு காரம் கொன்னுரும்" என்று எச்சரித்துவிட்டுப் போனார், புண்ணியவான். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு, ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி, மூன்று வாரத்தில் நாலு தடவை. வாழைத்தண்டு உண்மையில் காரத்தை எடுக்கிறதா, அல்லது திரும்பத் திரும்பத் தண்ணீர் மாற்றியதுதான் காரணமா என்று கேட்டால் நான் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். பி.எச். பார்த்த பிறகே காமெட், சுபன்கின் என்ற தங்கமீன் வகைகளில் ஆறு குட்டி மீன்களை விட்டேன். இவை ஒற்றை வால், ஓட்டக்காரர்கள். ஒராண்டா மாதிரி ஆடி அசைந்து போகிறவற்றை இவற்றோடு போட்டால் தீனி ஒரு உருண்டைகூட அவற்றுக்குக் கிடைக்காது.

கூடத்தில் 33 காட்டும் மத்தியானத்தில் உறைக்குள் அடிமட்டம் 29. மரநிழல், கனமான சுவர், அதிகத் தண்ணீர், அவ்வளவுதான் ரகசியம். தண்ணீர் கொஞ்ச நாளில் பச்சையாகிவிட்டது, மீன் கண்ணுக்கே தெரியாது. முதலில் எரிச்சல். அப்புறம் பார்த்தால் அந்தப் பாசிதான் நைட்ரேட்டைத் தின்று மீனைக் கொழுக்க வைக்கிறது. மேலே மிதக்கவிட்ட வெங்காயத்தாமரைச் செடி கால்பரப்புக்கு மேல் போகாமல் அள்ளிப் போட வேண்டும். பங்குனியில் வேப்பிலை கொட்டும்போது பச்சை வலை கட்டாவிட்டால் இலை ஊறித் தண்ணீர் கறுக்கும்.

அந்த வலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்காது என்று தலபுராணம் சொல்லும். மீனைத் தின்ன மனம் வராத நாரை ஒன்று சிவனிடம் கேட்டு வாங்கிய வரமாம். அந்த நாரைக்கு இருந்த மனசு எங்கள் தெரு மடையான் கொக்குக்கு இல்லை. முதல் மாதத்திலேயே உறை விளிம்பில் தவம் மாதிரி நின்று இரண்டைக் கொத்திப் போய்விட்டது.

கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வருகிறவர்கள் உறையைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்கள். டார்ச் அடித்துத் துழாவினார்கள், ஒரு புழுகூட இல்லை. மீன் வைத்திருப்பதா, நல்லது என்று போனார்கள். பக்கத்திலிருந்த பூந்தொட்டித் தட்டில்தான் புழு நெளிந்தது, அதற்குத் திட்டு வாங்கினேன்.

நோய் பெரிதாக வந்தது ஒரே முறை. 2022-ல் புதிதாக வாங்கிய ஒரு மீன் சீதனமாக நங்கூரப் புழுவைக் கொண்டுவந்தது. உடம்பில் செதிலுக்கு அடியிலிருந்து துண்டு நூல் மாதிரி தொங்கும். ஈரத்துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் வேரோடு இழுத்தேன், கையெல்லாம் நடுங்கியது. இரண்டு வாரத்தில் மறுபடி முளைத்தது. முட்டை தண்ணீரில் இருந்தால் அப்படித்தான். மருந்து போட்டு முடிக்க இரண்டு மாதமானது, மூன்று மீன் போயின. அதிலிருந்து எந்தப் புது மீனும் மூன்று வாரம் தனி டப்பில் கிடந்த பிறகுதான் உள்ளே. அந்த டப்பில் பத்து லிட்டருக்கு இருபது கிராம் கல் உப்பு.

தீனி விஷயத்தில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது, ஆகவே எப்போதும் பசித்த முகம்தான் காட்டும், அதை நம்பக்கூடாது. காலை மாலை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மிதக்கும் தீனியைவிட மூழ்கும் தீனி நல்லது, காற்றை விழுங்கித் தலைகீழாக மிதப்பது குறையும். ஒராண்டா அப்படி மிதந்தபோது ஒருநாள் பட்டினி போட்டு, வேகவைத்த பச்சைப் பட்டாணியைத் தோலுரித்துக் கொடுத்தேன், சரியானது. ஊரடங்கில் தீனி தீர்ந்தபோது பட்டாணியும், மாட்டுக்கு வளர்க்கும் ஒருவரிடம் வாங்கிய அசோலா என்ற நீர்ச்செடியும்தான் மூன்று வாரம் காப்பாற்றின.

செலவு: மூன்றடித் தொட்டி, ஸ்டாண்டு, சாமான்கள் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தொட்டது. உறைக்கு வேலைக்கூலியோடு அதில் பாதி. மாதச் செலவு இரண்டுக்கும் தீனி மட்டும்தான். உறைக்கு அதுவும் குறைவு.

2023 கார்த்திகை மழைக்கு அப்புறம் ஒரு காலையில் உறைக்குள் ஒரே துரத்தல். ஆண் மீன்களின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாய் ரவை ஒட்டியதுபோல் புள்ளிகள். நோய் என்று பதறாதீர்கள், அது இனப்பெருக்கக் காலத்து அடையாளம். வெங்காயத்தாமரை வேரைத் தூக்கிப் பார்த்தால் ஜவ்வரிசியைவிடச் சின்னதாக முட்டைகள். பெற்றவையே தின்றுவிடும் என்பதால் இரண்டு செடியை வேரோடு டப்புக்கு மாற்றினேன். மூன்றாம் நாள் டப்புச் சுவரில் குஞ்சுகள் கண்ணும் நூலுமாய் ஒட்டிக்கொண்டிருந்தன. அவித்த மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டித் துளித்துளியாய்க் கொடுத்து, தேறியது ஒன்பது. குஞ்சுகள் தங்கமாக இருக்காது, அழுக்குப் பழுப்பாகத்தான் இருக்கும். மாதங்கள் போகப் போக வயிற்றிலிருந்து நிறம் ஏறும்.

அதிகமாகிப்போனால் கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ விடலாமே என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். அங்கே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைய வளர்ந்து, சேற்றைக் கிளறி, செடியைப் பிடுங்கி, நாட்டு மீனின் முட்டையைத் தின்னும். வேண்டாம் என்றேன். ஐந்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன், உருண்டைக் கிண்ணம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டார்.

மிச்ச நாலில் ஒன்று இன்னும் நிறம் மாறவே இல்லை. சில அப்படியே நின்றுவிடும். அப்பத்தா அதற்குக் கருப்பன் என்று பேர் வைத்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் இப்போது ஓர் ஒப்பந்தம்: வெள்ளிக்கிழமை மட்டும், பத்தே பொரி, எண்ணித்தான் போட வேண்டும். "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணுவார். ஏழுக்கு அப்புறம் பல தடவை மறுபடி ஏழு வரும். நான் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.