அடகுக் கணக்கு மென்பொருள்கள்: 2000-ஐ எது ஒழுங்காகத் தாண்டியது?

ஐப்பசியில் நடவுச் செலவுக்கு நகையை வைப்பதும், சம்பா அறுத்ததும் தையில் மீட்பதும் டெல்டாவில் வழக்கம். 20-10-99 அன்று வைத்த நகையை 20-01-00 அன்று மீட்டால் 92 நாள் வட்டி. ‘00’ என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் அதே சீட்டுக்கு மைனஸ் 36,432 நாள் வரும். கணக்கு நிரல் எழுத உதவிய கிளிப்பர் 5, டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ 2.6, விரிதாள் மென்பொருளான எக்ஸெல் 97 ஆகிய மூன்றையும் இந்த ஒரு சீட்டை வைத்தே எடைபோட்டுவிடலாம்.

கிளிப்பர் 5-க்குத்தான் முதல் இடம். நிரலின் தொடக்கத்தில் ‘செட் எபோக் டு 1950’ என்று ஒரே வரி சேர்த்து மறுபடி கம்பைல் செய்தால் (இயங்கும் நிரலாக மாற்றினால்) போதும்; 00 முதல் 49 வரை 2000-களாகிவிடும். அந்த வரி இல்லாவிட்டால் 1900-தான்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடும் ஃபாக்ஸ்ப்ரோ 2.6-இல் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. அது தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பின் தேதிப் புலம் ஆண்டை நான்கு இலக்கத்தில்தான் சேமிக்கிறது; அதில் குறையே இல்லை. கோளாறு தட்டச்சு செய்யும் இடத்தில். ‘செட் செஞ்சுரி ஆன்’ போட்டால் நான்கு இலக்கம் கேட்கும், ஆனால் தேதிக் கட்டம் 8 எழுத்திலிருந்து 10 ஆக நீளும். பக்கத்திலுள்ள பெயர்க் கட்டத்தில் ஏறிவிடும், அச்சான ரசீதிலும் பத்திகள் நகரும். ஒவ்வொரு திரையையும் ரசீதையும் கையால்தான் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாத கடையில் 29-02-00 என்று அடித்தால், 00-ஐ 1900 என்று எடுத்துக்கொண்டு ‘தவறான தேதி’ என்று மறுக்கும். 1900 லீப் ஆண்டு இல்லை, 400-ஆல் வகுபடும் 2000 லீப் ஆண்டு. ஏற்கெனவே 1900 என்று பதிந்துபோன சீட்டுகளுக்கு தேதியில் மாதங்களைக் கூட்டும் ‘கோமந்த்’ மூலம் 1200 மாதம், அதாவது 100 ஆண்டு, கூட்டினால் சரியாகும். முதலில் கோப்பை நகலெடுங்கள். பிறந்த தேதிப் பத்தியில் மட்டும் கைவைக்காதீர்கள், அங்கே 1930-ம் 1945-ம் உண்மையான ஆண்டுகள்.

பழைய கணினியின் கடிகாரம் தனிப் பிரச்சினை. அதன் சில்லு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைத்தான் எண்ணும். நூற்றாண்டு வேறொரு இடத்தில் இருக்கும், தானாக மாறாது. திறந்ததும் 4-1-1980 காட்டினால் காரணம் இதுதான். பல கணினிகளில் டாஸின் ‘டேட்’ கட்டளையில் ஒருமுறை சரியான தேதி கொடுத்தாலே நிலைத்துவிடும்.

எக்ஸெல் 97, 2000-ஐ எளிதாகக் கடந்தது. ஆனாலும் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க மனம் வரவில்லை. 00–29 என்றால் 2000-கள், 30–99 என்றால் 1900-கள் என்று எல்லை வைத்தார்கள். சிக்கல் தீரவில்லை, முப்பது ஆண்டு தள்ளிப்போனது. 2030-இல் முதிரும் வைப்புத்தொகையை இன்றைக்கே பதிகிறவர்கள் 1-1-30 என்று அடித்து, கலத்தை நான்கு இலக்க ஆண்டாக மாற்றிப் பாருங்கள். 1930 வந்தால் விண்டோஸின் வட்டாரத் தேதி அமைப்பில் எல்லையை 2049-க்கு உயர்த்துங்கள். பழைய பதிவுகள் இதனால் மாறாது; அவற்றை வடிகட்டி எடுத்துத் தனியே திருத்த வேண்டும்.