இறுதிப்போட்டி: வீட்டிலா, மைதானத் திரையிலா?

2026 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப்போட்டி நியூ ஜெர்சியில் ஜூலை 19 பிற்பகல் 3 மணிக்கு. நமக்கு அது நள்ளிரவு 12.30. பெனால்டி வரை போனால் மூன்று மணி தாண்டும்.

வீட்டில் பார்த்தால் சுகம்தான். கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்), சாய்ந்துகொள்ளச் சுவர், மழைக் கவலை இல்லை. ஆனால் செல்போன் ஒளிபரப்பு பல நொடி பிந்தும். 2022 பைனலில் 80, 81ஆவது நிமிடங்களில் பிரான்சின் எம்பாப்பே அடித்த கோல்கள் எனக்கு முதலில் தெருக் கூச்சலாகத்தான் வந்தன!

குமரி மாவட்டக் கடலோர ஊரான தூத்தூர் பக்கம் மைதானத்தில் திரை கட்டினால் கதையே வேறு. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கொச்சியில் தங்கித் தொழில் செய்பவர்களும் ஊரில் இருப்பார்கள். பிரேசிலின் மஞ்சள் சட்டை ஒரு பக்கம், அர்ஜென்டினாவின் நீல வெள்ளை மறுபக்கம். இரண்டு அணியுமே வெளியேறியிருந்தாலும் வாக்குவாதம் நிற்காது. பக்கத்து மாமா ஆப்சைடு விதிக்கு வகுப்பெடுப்பார். நடுவில் கரண்ட் போகும், மழை கொட்டும். சரி, இருக்கட்டும்.

அம்மாவிடம் பெரிய குடையைக் கேட்டு வைத்துவிட்டேன்.