ஐஎஃப்டாப்: லைனை இழுப்பது யார்?

நெட் திடீரென்று படுத்துவிட்டால், உள்ளே எந்த மெஷின் இழுக்கிறது என்று அந்த நிமிஷமே தெரிய வேண்டும். லினக்ஸ் ஃபயர்வாலில் இந்த வேலைக்கு ஐஎஃப்டாப் (iftop) போதும்: எந்த முகவரிக்கும் எந்த முகவரிக்கும் இடையே எவ்வளவு டிராஃபிக் ஓடுகிறது என்று அப்போதைக்கப்போது காட்டும் கட்டளை அது. இன்னொரு கருவியான நெட்ஹாக்ஸ் (nethogs) இங்கே உதவாது: அது அந்த மெஷினில் ஓடும் ப்ராசஸ் (புரோகிராம்) வாரியாகக் காட்டுவது, ஃபயர்வால் கடத்திவிடும் டிராஃபிக்குக்கு ஏது ப்ராசஸ்?

பலர் கோட்டை விடுவது இன்டர்ஃபேஸில்தான், அதாவது ஃபயர்வாலின் எந்த நெட்வொர்க் இணைப்பைக் கவனிப்பது என்பதில்தான். வெளிப்பக்கத்தில் ஓட்டினால் நாட் (NAT) ஆன, அதாவது உள் முகவரி பப்ளிக் முகவரியாக மாற்றப்பட்ட பாக்கெட்டுகள்தான் சிக்கும். எல்லாரும் ஒரே பப்ளிக் ஐபியாகத் தெரிவார்கள். லேன் பக்க இன்டர்ஃபேஸைக் கொடுங்கள். கூடவே சின்ன 'என்' ஆப்ஷன். இல்லையென்றால் ஒவ்வொரு ஐபிக்கும் பெயர் கேட்டு டிஎன்எஸ்ஸை நச்சரிக்கும்.

பெரிய 'எஃப்' போட்டு உள் நெட்வொர்க்கை, உதாரணமாக 192.168.10.0/24 என்று, கட்டாயம் கொடுங்கள். அப்போதுதான் கிளையன்ட் இடப்பக்கம் நிற்கும், வலப்பக்கம் பார்க்கும் அம்பு அதன் அப்லோட். கொடுக்காவிட்டால் திசை ஃபயர்வாலின் இன்டர்ஃபேஸை வைத்துக் கணக்காகி, வெளி சர்வர்கள் இடப்பக்கம் வந்துவிடும். ஐபிவி6 நெட்வொர்க்குக்குப் பெரிய 'ஜி'.

திரை வந்ததும் 'டி' (d) விசையை அழுத்துங்கள். போய்ச்சேரும் முகவரிகள் மறைந்து, கிளையன்ட்டுக்கு ஒரு வரிசையாகச் சுருங்கும். கடைசி மூன்று பத்திகள் 2, 10, 40 விநாடிச் சராசரிகள். வரிசைப்படுத்துவது 10 விநாடியை வைத்து. வீடியோ துண்டு துண்டாக இறங்குவதால் 2 விநாடிப் பத்தி ஆடிக்கொண்டே இருக்கும், 40-ஐ நம்புங்கள். எண்கள் பிட்டில் வருகின்றன, பைட்டில் அல்ல. ஸ்கிரிப்டுக்குச் சின்ன 'டி' (-t) ஆப்ஷனோடு சின்ன 'எஸ்' (-s) 40 கொடுத்தால், 40 விநாடி கேட்டு எழுத்தாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும்.

குறைகளும் உண்டு. ரூட் அனுமதி வேண்டும். பாக்கெட் எண்ணிக்கை எகிறினால் சிலதைத் தவறவிட்டு, குறைத்துக் காட்டும். ஹார்ட்வேர் ஆஃப்லோட் (பாக்கெட்டுகளை லினக்ஸிடம் விடாமல் ஹார்ட்வேரே கடத்திவிடுவது) ஓடினால் அந்த டிராஃபிக் கண்ணிலேயே படாது. ஐபிவி6-இல் ஒரே மெஷின் பல தற்காலிக முகவரிகளில் சிதறித் தெரியும். பழைய கணக்கு எதுவும் தங்காது.

மாதக் கணக்கு வேண்டுமென்றால் லினக்ஸின் ஃபயர்வால் விதிகளைக் கையாளும் என்எஃப்டேபிள்ஸ் (nftables) பக்கம் போங்கள்: டைனமிக் செட் (தானாக வளரும் முகவரிப் பட்டியல்) ஒன்றில் ஐபிக்கு ஒரு கவுன்ட்டர், கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்ட் செயினில் அதைக் கூட்டும் அப்டேட் விதி. இரண்டு தடவை படித்துக் கழித்தால் வேகம் கிடைக்கும். 10 விநாடியில் 2,50,00,000 பைட் கூடியிருந்தால் 20 மெகாபிட். ஆனால் ஃப்ளோடேபிள் (ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளுக்கான குறுக்குவழி) போட்டிருந்தால் பாக்கெட்டுகள் ஃபார்வர்ட் செயினைத் தொடாமலே தாண்டிவிடும், கவுன்ட்டர் நின்ற இடத்தில் நிற்கும். ஃபயர்வாலிலேயே ப்ராக்ஸி (கிளையன்ட்டுக்காக வெளியே கேட்டு வாங்கித் தரும் புரோகிராம்) ஓடினாலும் அதே கதிதான், அந்த டிராஃபிக் ஃபயர்வாலுக்கே வருவதற்கும் அதிலிருந்து கிளம்புவதற்குமான இன்புட், அவுட்புட் செயின்கள் வழியே போகிறது. லேன் இன்டர்ஃபேஸில் கேட்கும் ஐஎஃப்டாப் ப்ராக்ஸி டிராஃபிக்கையும் பிடித்துவிடும்.