கருவின் இதய ஸ்கேன்: ஃபீட்டல் எக்கோ மையம் ஒன்றின் சேவை பற்றிய மதிப்புரை

கருவின் உறுப்புகளில் குறைபாடு உள்ளதா என்று பார்க்கும் என்னுடைய ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் அறிக்கையில், கருவின் இதயத்தில் இடது கீழறையில் ‘எக்கோஜெனிக் ஃபோகஸ்’ (ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் வெண்புள்ளி) காணப்படுகிறது என்ற ஒற்றை வரி எந்த விளக்கமும் இன்றி இடம்பெற்றிருந்தது. அதைப் படித்த கலக்கத்தோடுதான், கருவின் இதயத்தை மட்டும் தனியே ஆராயும் ஃபீட்டல் எக்கோ மையம் ஒன்றுக்கு நானும் கணவரும் சென்றோம்.

மருத்துவர் முதலில் கேட்டது குரோமோசோம் குறைபாடுகளுக்கான என் ரத்தப் பரிசோதனை முடிவைத்தான். இதய வால்வுகளைத் தாங்கும் பாப்பில்லரி தசையில் படிந்த நுண்ணிய கால்சியமே எலும்புக்கு நிகரான வெண்மையுடன் திரையில் தெரிகிறது என்றும், 100 கர்ப்பங்களில் ஏறத்தாழ 3 முதல் 5 வரை காணப்படும் இப்புள்ளி இதயக் குறைபாடே அல்ல என்றும் அவர் விளக்கினார். டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் குறைபாட்டுக்கான வாய்ப்பை இது சிறிதளவு கூட்டிக் காட்டுவதால்தான் குறிப்பிடப்படுகிறது. ரத்தப் பரிசோதனையில் அபாயம் குறைவு என்று வந்து, வேறு மாறுபாடும் இல்லையென்றால், இதற்காக மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. இப்புள்ளிக்காக மட்டும் ஃபீட்டல் எக்கோ வழக்கமாகத் தேவைப்படாது என்பதையும் அவரே சொன்னார். இந்த நேர்மைக்காகவே இம்மையத்தை மதிக்கிறேன்.

பரிசோதனையிலும் அவசரம் இல்லை. நான்கு அறைகளைப் பார்த்ததோடு நிறுத்தாமல், பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் எந்தெந்தக் கீழறையிலிருந்து புறப்பட்டு, ஒன்றையொன்று எப்படிக் குறுக்கிடுகின்றன என்பதையும் தொடர்ந்து பார்த்துக் காட்டினார். இவ்விரு தமனிகளும் இடம் மாறியிருக்கும் கடுமையான குறைபாட்டில்கூட நான்கு அறைகளும் இயல்பாகவே தோன்றக்கூடும் என்பதால், இந்தப் பகுதியைத் தவிர்க்கும் ஸ்கேன் முழுமையானதாகாது. குழந்தையின் முதுகு மேற்புறமாக இருந்து காட்சியை மறைத்தபோது, கிடைத்த படத்தை வைத்து முடித்துவிடாமல், சற்று நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடியும் பார்த்தார்கள்.

கீழறைகளுக்கு இடையிலான சிறு துளைகளும் பெருந்தமனிக் குறுக்கமும் இப்போது புலப்படாமல் போகலாம் என்றும், கருவில் இயல்பாகவே திறந்திருக்கும் டக்டஸ் ரத்தக்குழாய் பிறந்தபின் மூடுகிறதா என்பதை இப்போது சொல்ல இயலாது என்றும் அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் வாய்மொழியாகக் கிடைத்த அருமையான விளக்கம் அதில் ஒரு வரிகூட இல்லை. எளிய நடையில் ஒரு பக்கம் சேர்த்தால் வீட்டிலுள்ளவர்களுக்கும் புரியும். காத்திருப்பும் நீண்டது.

முந்தைய குழந்தைக்குப் பிறவி இதயக் குறைபாடு இருந்தவர்களும், கருவுறும் முன்பே நீரிழிவு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டு இத்தகைய மையத்துக்குச் செல்லலாம். போகும்போது ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.