நீல்ஸ் போரின் மாதிரியா, அலை மாதிரியா: எலக்ட்ரான் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

அணுவிலுள்ள எலக்ட்ரானைப் பற்றிய பாடத்தை, அது உட்கருவை வட்டப்பாதையில் சுற்றுவதாக நீல்ஸ் போர் 1913-இல் முன்வைத்த மாதிரியிலிருந்து தொடங்குவதே பெரும்பாலான பாடநூல்களின் வழக்கம். எர்வின் ஷ்ரோடிங்கர் 1926-இல் தந்த அலைச் சமன்பாட்டின் கருத்தையே முதலில் எடுத்துக்கொள்வது அதற்கு மாற்று. எலக்ட்ரானுக்கு உள்ளார்ந்த கோண உந்தமான தற்சுழற்சியிலிருந்து (spin) தொடங்கும் மூன்றாவது வழியும் உண்டு.

போர் மாதிரியின் பெரிய பலம், பள்ளி இயற்கணிதமே அதற்குப் போதும் என்பதுதான். கோண உந்தம் குறிப்பிட்ட முழு எண் மடங்குகளில் மட்டுமே அமையும் என்று வைத்துக்கொண்டு, மின் ஈர்ப்பு விசையை மையநோக்கு விசையோடு சமன்படுத்தினால், ஹைட்ரஜனின் ஆரம் 0.529 ஆங்ஸ்ட்ராம் என்றும், அடி மட்ட ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட் என்றும் கிடைத்துவிடுகின்றன. மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது வெளிப்படும் சிவப்பு நிறமாலைக் கோட்டின் 656 நானோமீட்டர் அலைநீளத்தையும் மாணவர் தாமே கணக்கிடலாம். இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தரும் பகுதி குவாண்டம் இயற்பியலில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கணக்கு மறந்த பின்னும் வட்டப்பாதைப் படம் மனத்தில் தங்கிவிடுகிறது. ஹைட்ரஜனின் அடி மட்டத்தில் சுற்றுப்பாதை சார்ந்த கோண உந்தம் சுழி. போர் மாதிரியோ அங்கே ஓர் அலகு இருப்பதாகச் சொல்கிறது. அலை வழியில், எலக்ட்ரான் எங்கே காணப்பட வாய்ப்புள்ளது என்பதைக் காட்டும் வடிவத்துக்கு ஆர்பிட்டால் என்று பெயர்; 2p என்ற ஆர்பிட்டாலுக்கு இரு மடல்கள், அவற்றின் நடுவே எலக்ட்ரான் காணப்பட வாய்ப்பே இல்லாத கணுத்தளம். '2p ஆர்பிட்டாலின் ஒரு மடலிலிருந்து மற்றொன்றுக்கு, நடுவிலுள்ள கணுத்தளத்தை எலக்ட்ரான் எப்படிக் கடக்கிறது?' என்று கேட்கும் மாணவர் ஆர்பிட்டாலின் பெயரைக் கற்றிருக்கிறாரே தவிர, அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் அந்த வட்டப்பாதைதான். பாதை என்ற ஒன்று இருந்தால்தானே கடப்பது என்ற கேள்வி எழும்?

அலை வழியில் முழு எண்ணை நாம் திணிக்க வேண்டியதில்லை. இரு முனைகளிலும் கட்டிய கம்பியில் குறிப்பிட்ட அலைகள் மட்டுமே நிலைத்திருப்பதைப் போல, அணுவிலும் எல்லை நிபந்தனைகளிலிருந்து குவாண்டம் எண்கள் தாமாக வந்து விழுகின்றன. ஹைட்ரஜனுக்கு அதே −13.6 கிடைக்கிறது, 0.529 ஆங்ஸ்ட்ராமுக்கு மட்டும் பொருள் மாறுகிறது. அது எலக்ட்ரான் காணப்பட மிக அதிக வாய்ப்புள்ள தொலைவு. சராசரித் தொலைவு அதைப்போல் ஒன்றரை மடங்கு. அந்த ஆரத்துக்குள் எலக்ட்ரான் அகப்படும் நிகழ்தகவு ஏறத்தாழ 32 சதவீதம்தான். இந்த மூன்று எண்களை ஒரே வரைபடத்தில் பார்த்தவருக்கு வட்டப்பாதையை நம்புவது கடினம்.

இவ்வழியின் விலை கணிதம். பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாதவர் ஹைட்ரஜனின் தீர்வுகளை நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியிருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்துக்குப் போர் மாதிரி சரியான விடை தருவதில்லை; அதற்கு எளிய வடிவிலான துல்லியத் தீர்வு இங்கும் இல்லை. ஆயினும் திருத்திக்கொண்டே போக வழி இருக்கிறது. ஓர் எலக்ட்ரான் மற்றொன்றுக்கு மறைப்பாக அமைவதைக் கணக்கில் கொண்டு, உட்கருவின் மின்சுமையை 2-க்குப் பதில் 27/16 என்று எடுத்துக்கொள்ளும் எளிய தோராயமே −77.5 எலக்ட்ரான் வோல்ட் தருகிறது. அளவிட்ட மதிப்பு −79.0.

தற்சுழற்சி வழி, வெள்ளி அணுக்கற்றை இரண்டாகப் பிரிந்த 1922-ஆம் ஆண்டின் ஸ்டெர்ன்–கெர்லாக் சோதனையைச் சார்ந்தது. குவாண்டம் கணினி பயில்பவருக்கு அது பொருந்தும். அணுவின் அளவையோ நிறமாலையையோ அறிய விரும்புபவருக்கு அது சுற்றுவழி.

நுண்கணிதம் ஓரளவு தெரிந்தவர் கம்பியின் அலைகளில் தொடங்கி, ஹைட்ரஜன் தீர்வுகளை வரைபடங்களாகப் பார்த்துப் பழகி, போரின் கணக்கை அதன் பிறகு ஒரே அமர்வில் போட்டுப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஓரிரு வகுப்புகளோடு இப்பாடத்தை விட்டுவிடப் போகிறவருக்குப் போர் மாதிரியே போதும்; ஆனால் கரும்பலகையில் வட்டங்களுக்குப் பதிலாக ஆற்றல் மட்டங்களை ஏணிப்படிகளாக வரைய வேண்டும்.