நிலாவை வைத்துக் கேமரா வாங்காதீர்கள்

நிலாவையும் அக்கம்பக்கத்துப் பறவை, அணில்களையும் ஒரே கேமராவில் எடுக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் யோசிக்கிறார்கள். ஒன்று, நிக்கான் பி1000 போல லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமரா. இன்னொன்று, ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) உள்ள, லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராவோடு சிக்மா அல்லது டாம்ரானின் 150-600 மி.மீ. லென்ஸ்.

பி1000-ன் பெருமையே 3000 மி.மீ.தான். ஆனால் அது ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவுக்கு ஈடாகச் சொல்லும் கணக்கு. உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் (எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் அளவு) 539 மி.மீ. சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதனால்தான் முழு ஜூமில் நிலாவின் மேலும் கீழும் லேசாக வெட்டுப்படும் அளவுக்குப் படம் நிரம்பிவிடுகிறது. 600 மி.மீ. லென்ஸில் நிலாவின் பிம்பம் சுமார் 5.5 மி.மீ. குறுக்களவுதான் (குவியத்தூரத்தை 110-ஆல் வகுத்தால் கிடைக்கும்). 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது ஏறத்தாழ 1400 பிக்சல். பி1000-ல் 3400-ஐத் தாண்டிவிடும்.

அப்படியானால் பி1000 ஜெயித்துவிட்டதா? அதுதான் இல்லை. எவ்வளவு நுணுக்கம் பிடிபடும் என்பதை லென்ஸின் திறப்பு விட்டமும் முடிவு செய்கிறது. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். முழு ஜூமில் பி1000 எஃப்/8, 539-ஐ 8-ஆல் வகுத்தால் 67 மி.மீ.; பெரிய லென்ஸ் எஃப்/6.3, 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. ஒளியின் விளிம்பு விளைவால், முதலாவது சுமார் 1.7 ஆர்க் விநாடிக்குக் (ஒரு ஆர்க் விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) கீழே எதையும் பிரித்துக் காட்டாது, இரண்டாவது 1.2 வரை போகும். பி1000 தரும் கூடுதல் பிக்சல்களில் பாதி வெறும் ஊதல். மறுபக்கம், பெரிய லென்ஸ் தரும் நுணுக்கத்தை முழுதாக வாங்கிக்கொள்ள ஏபிஎஸ்-சி-யின் பிக்சல்கள் கொஞ்சம் பெரியவை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மிச்சத்தைக் காற்றின் நடுக்கம் தின்றுவிடும்.

நிலா இப்படிச் சமரசத்துக்கு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. இரவில் தெரிந்தாலும் அது வெயிலில் கிடக்கும் பாறை. பௌர்ணமிக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, ஒளி விழும் நேரம் 1/100 நொடி என்பது பழைய கணக்கு, எஃப்/8-ல் 1/200. சிறிய சென்சாருக்கு இதில் கஷ்டமே இல்லை. பிறை நிலாவுக்கும் அரை நிலாவுக்கும் இன்னும் நேரம் கூட்ட வேண்டும், ஆனால் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுவது அப்போதுதான். பௌர்ணமி நிலா தட்டையாகத்தான் இருக்கும்; அஷ்டமியை ஒட்டி எடுத்துப் பாருங்கள்.

பறவை எதிலும் விட்டுக்கொடுக்காது. மரநிழலில் இருக்கும், அந்தி நேரத்தில் வரும், அசையாமல் இருக்காது. மீன்கொத்தி பாய்வதைப் பிடிக்க 1/2000 நொடியாவது வேண்டும். எஃப்/8-ல் அந்த வேகம் என்றால் ஐஎஸ்ஓ-வை ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றினால் சின்ன சென்சாரில் இறகெல்லாம் களிம்பு பூசியதுபோல் குழைந்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு அதைவிடச் சுமார் 13 மடங்கு. ஃபோகஸ் வேகத்திலும் பெரிய இடைவெளி. புதிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கின்றன. பி1000 கிளையையா கொக்கையா என்று தயங்கி நிற்கும். பறக்கும் பறவைதான் வேண்டும் என்றால் இதில் பேச்சுக்கே இடமில்லை, 150-600-தான்.

அதன் விலை தோளில் தெரியும். லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய 2 கிலோ, கேமரா தனி. பி1000 எல்லாம் சேர்த்து 1.4 கிலோ. அதன் தம்பி பி950 ஒரு கிலோதான், 2000 மி.மீ.யோடு நிற்கிறது, நிலா முழுசாகச் சட்டத்துக்குள் அடங்கும். சூப்பர்ஜூம் என்று முடிவு செய்துவிட்டால் என் ஓட்டு இதற்குத்தான். 3000 மி.மீ.யில் பறவையைக் கையால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஜூமைச் சட்டென்று விரித்துக் காட்டி, விட்டவுடன் பழைய இடத்துக்கே திரும்பும் பொத்தான் இரண்டிலும் உண்டு. அது இல்லாவிட்டால் பாதிப் பறவைகள் தப்பித்துவிடும்.

தொலைநோக்கியின் கண்வில்லையில் போனைப் பொருத்துவது மூன்றாவது வழி. வீட்டில் தொலைநோக்கி ஏற்கெனவே இருந்தால் நிலாவுக்கு இது அருமை. பறவைக்கு? ஒற்றைக்காலில் தவம் கிடக்கும் கொக்குக்குச் சரி. வானியல் தொலைநோக்கி பலவற்றில் காட்சி தலைகீழாகத் தெரியும் என்பது வேறு தொல்லை.

போனின் சொந்த ஜூமை மட்டும் நம்பினால் ஒன்றைக் கவனியுங்கள். சில போன்கள் நிலாவை அடையாளம் கண்டு, விவரத்தைத் தாமே கூட்டித் தருகின்றன. 2023-ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்து எடுக்க, சாம்சங் போன் அதில் பள்ளங்களைக் காட்டியது. நிறுவனமும் தன் செயற்கை நுண்ணறிவு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கம் தந்தது. சந்தேகம் இருந்தால் அந்த வசதியை அணைத்துவிட்டு, அதே நிலாவை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.